இன்சோல் மொட்டைமாடியில், ஓட்டம் சென்னையில்: வெளியூர் ஓட்டத்துக்குப் பை கட்டும்போது செய்கிற தவறுகள்

மூன்று வருடத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு அரை மாரத்தான், 21 கிலோமீட்டர் ஓட்டம். விடிகாலை மூன்றரை மணி, எழும்பூர் பக்கம் ஒரு லாட்ஜ். கூட வந்த இரண்டு பேர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்ததால் லைட் போடாமல் செல்போன் வெளிச்சத்திலேயே கிளம்பிக்கொண்டிருந்தேன். ஷூவுக்குள் காலை விட்டால் ஏதோ குழிக்குள் இறங்கின மாதிரி இருந்தது. கையை விட்டுத் துழாவினேன், உள்ளே பாதத்துக்கு அடியில் கிடக்கிற மெத்தை, அதாவது இன்சோல், இல்லை. இன்னொரு ஷூவிலும் இல்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை ஷூவைக் கழுவி, இன்சோலைத் தனியாக உருவி, கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காயப் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷூவை மட்டும் எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். நான் எழும்பூரில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் இன்சோல் இரண்டும் மொட்டைமாடியில் பனியில் நனைந்துகொண்டிருந்திருக்கும்.

இருந்த இரண்டு ஜோடி சாக்ஸையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு ஓடினேன். பதினான்காவது கிலோமீட்டரில் இடது பாதத்தில் கொப்புளம் வந்து, பதினேழில் உடைந்தது. ஓடி முடித்தேன், முடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் ஒரு வாரம் பைக்கில் கியர் மாற்றும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் பட்டியல் போடாமல் போகவில்லை. பட்டியல் இருந்தது, அதில் ‘ஷூ’ என்று எழுதி டிக்கும் அடித்திருந்தேன். பட்டியல் போட்டால் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பட்டியலில் பொருளின் பெயர்தான் இருக்கும், அதை எந்த நேரத்தில், எந்த நிலையில் எடுக்கப்போகிறோம் என்பது இருக்காது. வீட்டில் பகல் வெளிச்சத்தில், காபி குடித்துக்கொண்டு நிதானமாக அடுக்குகிறோம். எடுப்பதோ தெரியாத ஊரில், அரைத் தூக்கத்தில், வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறக்க, இருட்டில். அதனால் நான் இப்போது ‘என்னென்ன வேண்டும்’ என்று யோசிப்பதே இல்லை. அலாரம் அடிப்பதிலிருந்து ஆரம்பித்து, பல் தேய்ப்பது, சாப்பிடுவது, வாசலின் தடவுவது, ஷூ மாட்டுவது, ஆட்டோ பிடிப்பது, பையை ஒப்படைப்பது, ஓடுவது, திரும்பி வந்து துணி மாற்றுவது என்று அந்தக் காலைப்பொழுதை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன். அப்படி ஓட்டும்போது கை எதைத் தேடுகிறதோ அதுதான் பைக்குள் போகிறது.

பக்கத்து ஊர்தானே என்ற நினைப்பு

கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. அது பெங்களூரு. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், தேசிய நெடுஞ்சாலை, ஓசூர் தாண்டினால் அத்திப்பள்ளி, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொள்கிறோம். சென்னைக்குப் போகிறவன் ஒரு வாரம் முன்பே பை கட்டுகிறான், பெங்களூருக்குப் போகிறவன் சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கட்டுகிறான். நான் பார்த்தவரைக்கும் அதிகப் பொருள் மறந்து போவது தூரத்து ஊருக்கு அல்ல, பக்கத்து ஊருக்குத்தான்.

அணைக்கட்டுப் பக்கம் எங்களோடு ஓடுகிற ஒரு தம்பி, முதல் தடவையாகப் பெங்களூரில் பத்து கிலோமீட்டருக்குப் பணம் கட்டியிருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணினான்.

“அண்ணா, காலைல ரெண்டு மணிக்குக் கார் எடுத்தா நாலுக்குள்ள போயிடலாம் இல்ல?”

“போயிடலாம். பிப் யார் வாங்கினது?”

“அங்கதான் குடுப்பாங்க இல்ல, ஓடற எடத்துல?”

பிப் என்பது ஓடுகிறவர் நெஞ்சில் குத்திக்கொள்கிற எண் தாள். பெரிய ஓட்டங்கள் பெரும்பாலானவற்றில் ஓட்ட நாளன்று அதைத் தருவதில்லை. ஒரு நாள் இரண்டு நாள் முன்பே, ஓடுகிற இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மண்டபத்திலோ மைதானத்திலோ கண்காட்சி மாதிரி போட்டு அங்கேதான் தருவார்கள், சாயங்காலம் குறித்த நேரத்துக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். பதிவு பண்ணும்போதே மெயிலில் போட்டிருப்பார்கள், நாம்தான் ஓடுபாதைப் படத்தைப் பார்த்துவிட்டு மீதியைப் படிப்பதில்லை. தம்பி ஞாயிற்றுக்கிழமை காலையில் அணைக்கட்டிலேயே பத்து கிலோமீட்டர் ஓடினான், பாவம், நல்ல நேரத்தில் முடித்தான்.

ஆகவே பையில் முதலில் போக வேண்டியது துணிமணி அல்ல, காகிதம். பதிவு உறுதி மெயிலின் அச்சுப்பிரதி ஒன்று, ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ அசல் ஒன்று, நகல் ஒன்று. செல்போனில் இருக்கிறதே என்பீர்கள். பிப் வாங்குகிற இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும்போது மெயில் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதை நான் வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். நண்பருக்கும் சேர்த்து வாங்குவதாக இருந்தால் அவர் கையெழுத்திட்ட கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். சில ஓட்டங்களில் முழு மாரத்தானுக்கு மருத்துவர் சான்றிதழும் கேட்பதுண்டு. இவை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், பையின் முதுகுப்பக்க அறையில்.

மஞ்சப்பை

அடுத்த தவறு, எல்லாவற்றையும் ஒரே பையில் ஒன்றோடொன்று கலந்து போடுவது. ஓடும்போது போடுகிற டிராயர், திரும்பி வரும்போது போடுகிற பேன்ட், ராத்திரி லுங்கி, சார்ஜர், வாழைப்பழம், எல்லாம் ஒரே குழம்பு. மூன்று மணிக்கு ஒரு சாக்ஸ் எடுக்கப் பை முழுவதையும் கட்டிலில் கொட்ட வேண்டியிருக்கும், கொட்டினதில் ஏதாவது ஒன்று கட்டிலுக்கடியில் போய்விடும்.

நான் ஒரு மஞ்சப்பை வைத்திருக்கிறேன். 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று ஆரம்பித்தார்களே, அந்தச் சமயத்தில் ஒரு விழாவில் கொடுத்த துணிப்பை. கண் விழிப்பதிலிருந்து முடிவுக் கோட்டைத் தொடும்வரைக்கும் உடம்பில் இருக்க வேண்டிய அத்தனையும் அதில் மட்டும்தான்: ஷூ (இன்சோலோடு, உள்ளே கையை விட்டுப் பார்த்த பிறகு), சாக்ஸ், டிராயர், பனியன், பிப், நான்கு ஊக்கு, வாட்ச், தொப்பி, சின்ன டப்பாவில் வாசலின், பிளாஸ்திரி ரோல். இந்தப் பை பெரிய பைக்குள் போகாது, என் தோளிலேயே தொங்கும். பஸ் டிக்கியில் போடுவதில்லை, ரயிலில் சீட்டுக்கு அடியில் தள்ளுவதில்லை. பெரிய பை தொலைந்தால் கட்டிய துணியோடு ஊர் திரும்பலாம். மஞ்சப்பை தொலைந்தால் போன காரியமே கெட்டது.

இது ஏன் எங்கள் ஊருக்கு முக்கியம் என்றால், கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம் என்று பெயர், ரயில் கிடையாது. ஜோலார்பேட்டைக்கோ தர்மபுரிக்கோ ஓசூருக்கோ பஸ்ஸில் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். வீட்டிலிருந்து ஆட்டோ, ஆட்டோவிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து ரயில், ரயிலிலிருந்து மறுபடி ஆட்டோ. இத்தனை இடத்தில் ஏறி இறங்கும்போது மூன்று சின்னப் பை வைத்திருப்பவன் ஒன்றை எங்காவது விட்டுத்தான் தீருவான். ஒன்று முதுகில், ஒன்று தோளில், இதற்கு மேல் கூடாது. கையில் தனியாக ஒரு கவர் பிடித்துக்கொண்டு கிளம்பினீர்களென்றால் அது ஜோலார்பேட்டை நடைமேடைக்கு நேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

விமானத்தில் போகிறவர்கள் (மும்பை மாரத்தானுக்கு இங்கிருந்து நாலைந்து பேர் போவதுண்டு) ஓடுகிற ஷூவைக் காலிலேயே போட்டுக்கொண்டு போங்கள். செக்-இன் பெட்டி மறுநாள் வந்து சேர்ந்தால் துணி வாங்கிவிடலாம், பழகிய ஷூவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, அதிலிருப்பது லித்தியம் பேட்டரி, கைப்பையில் மட்டும்தான் அனுமதி. அப்புறம் பெங்களூரு விமான நிலையம் இருப்பது தேவனஹள்ளியில், நகரத்துக்கு வடக்கே. நாம் நுழைவதோ தெற்கிலிருந்து. ஊரைக் குறுக்காகக் கடக்கிற நேரத்தைக் கணக்கில் வைக்காமல் பல பேர் கடைசி நிமிடத்தில் ஓடுகிறார்கள், அது ஓட்டத்துக்கு முந்தின ஓட்டம்.

நம்ம ஊரில் உரசாதது அங்கே உரசும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது மறதியால் வருகிற தவறு அல்ல, தெரியாததால் வருவது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமே கடலிலிருந்து தள்ளி, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிற வறண்ட ஊர்கள். இங்கே காலை ஐந்தரைக்கு ஓடினால் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. சென்னையில் காற்றில் ஏற்கெனவே ஈரம் அப்பிக்கிடப்பதால் வியர்வை ஆவியாகாமல் அப்படியே வழிந்து இறங்குகிறது. உடம்பும் குளிர்வதில்லை, துணியும் காய்வதில்லை. ஊறின துணி, ஊறின தோல், நடுவில் உப்பு, அதோடு இருபதாயிரம் தடவைக்கு மேல் காலை மாற்றி மாற்றி வைக்கிறோம். இங்கே 25 கிலோமீட்டர் ஓடியும் ஒன்றும் ஆகாத அதே டிராயர் சென்னையில் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் தொடையை அறுத்துவிடும். குளிக்கும்போதுதான் தெரியும், அலறல் அடுத்த அறைக்குக் கேட்கும்.

ஆகவே பருத்தி பனியன், பருத்தி சாக்ஸ் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், விடாது. சாக்ஸ் ஊறினால் கொப்புளம் நிச்சயம். செயற்கை இழையில், ஏற்கெனவே நீளமான ஓட்டங்களில் போட்டுப் பழகியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் கொடுக்கிற புது டிசர்ட்டை அன்றைக்கே போட்டுக்கொண்டு ஓடுவதும் தப்புதான். எல்லோரும் ஒரே கலரில் ஓடுகிற போட்டோ நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த டிசர்ட்டின் அக்குள் தையல் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து துவைத்து, ஒரு பத்து கிலோமீட்டர் ஓடிப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் போடலாம்.

வாசலினை அக்குள், உள்தொடை, முலைக்காம்பு, கால்விரல் இடுக்கு இந்த நான்கிடத்திலும் தாராளமாகத் தடவ வேண்டும். ஆண்கள் முலைக்காம்பில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வது இன்னும் நல்லது, வெள்ளை டிசர்ட்டில் இரண்டு சிவப்புக் கோடு இறங்கி வருகிறவரை எல்லா மாரத்தானிலும் ஒருவரையாவது பார்க்கலாம், பாவமாக இருக்கும். ஒட்டுவதாக இருந்தால் வாசலினுக்கு முன்பே ஒட்ட வேண்டும், தடவின பிறகு ஒட்டினால் நிற்காது. என் அக்கா மகளும் ஓடுகிறாள், ஸ்போர்ட்ஸ் பிராவின் அடிப்பட்டை உரசும் இடத்தில் தடவ மறந்ததைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் புலம்பினாள். தேதி தள்ளி இருந்தாலும் நாப்கின் இரண்டு பையில் இருக்கட்டும் என்பதும் அவள் சொன்னதுதான், பிரயாணத்தில் தேதி சொன்னபடி கேட்பதில்லையாம்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்பார்கள். ஐந்து கிலோமீட்டருக்குப் போதும். அதற்கு மேல் வியர்வையோடு வழிந்து போய்விடும்.

மலைக்குப் போனால் கதை தலைகீழ். ஊட்டி 2,240 மீட்டர். புறப்படுமுன் முக்கால் மணி நேரம் குளிரில் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு நல்ல ஜாக்கெட் எடுத்துப் போய் அதை எங்கே வைப்பது என்று அல்லாடாதீர்கள். தூக்கிப் போட மனசு வருகிற மாதிரி ஒரு பழைய முழுக்கை சட்டை போதும்.

புதுசாக எதையும் வாங்காதீர்கள், அங்கே போயும் வாங்காதீர்கள்

பிப் வாங்குகிற இடத்தில் கடைகள் போட்டிருப்பார்கள். தள்ளுபடியில் ஷூ, ஓடும்போது சாப்பிடுகிற சத்து ஜெல், முழங்கால் பட்டை, காலுறை, கண்ணாடி. சும்மா பார்க்கலாம் என்று போகிறவன் இரண்டு மணி நேரம் நின்று கால் வலியோடு வெளியே வருகிறான், கையில் ஒரு புது ஷூ. என் கணக்கில் ஒரு ஷூ குறைந்தது நாற்பது ஐம்பது கிலோமீட்டராவது காலோடு பழகியிருக்க வேண்டும், அதில் ஒரு நீள ஓட்டமும் இருக்க வேண்டும். வாங்குங்கள், தப்பில்லை, மறுநாள் போடாதீர்கள்.

கால் நகமும் இதே ரகம்தான். லாட்ஜில் ராத்திரி உட்கார்ந்து ஒட்ட வெட்டிக்கொண்டால் மறுநாள் ஓரச் சதை குத்தும். மூன்று நாள் முன்பே வீட்டில் வெட்டிவிடுங்கள்.

இரண்டு விஷயத்தில் உடம்போடு விளையாட்டு வேண்டாம். ஒன்று, வலி மாத்திரை. ‘ஒன்று போட்டுக்கொண்டு ஓடினால் வலியே தெரியாது’ என்று பையில் ஒரு அட்டை வைத்திருப்பவர்களைத் தெரியும். ஐபுப்ரோபென், டைக்ளோபெனாக் மாதிரியானவற்றை, தண்ணீர் சத்து குறைந்து உடம்பு சூடேறி இருக்கும்போது போடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து. மருத்துவர் எழுதிக் கொடுத்த வழக்கமான மாத்திரை இருந்தால் அதைக் கட்டாயம் பையில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்புவது ஒரு நாள் தள்ளிப்போனாலும் போதுகிற அளவுக்கு. மற்றது வேண்டாம்.

இன்னொன்று ஓஆர்எஸ், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 20.5 கிராம் பாக்கெட் முழு ஒரு லிட்டர் தண்ணீருக்கு. ஓடப் போகிறவன் கையில் இருப்பது அரை லிட்டர் பாட்டில், அதில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் குலுக்கிக் குடிக்கிறான். உப்பும் குளுக்கோசும் இரண்டு மடங்கு அடர்த்தியாகி வயிற்றைப் புரட்டும், அப்புறம் அந்தத் தண்ணீரே சரியில்லை என்பான். மருந்துக்கடையில் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது, அதில் நாலைந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் கணக்கே வேண்டாம், ஒரு டம்ளருக்கு ஒன்று.

மூன்று மணிக்கு எந்த ஓட்டல் திறந்திருக்கும்?

எதுவும் திறந்திருக்காது. இது தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் ‘பக்கத்தில் ஏதாவது டீக்கடை இருக்கும்’ என்று வருவார். சாப்பாட்டையும் ஷூ மாதிரியே வீட்டிலிருந்து கொண்டு போக வேண்டும். இரண்டு வாழைப்பழம், நான்கு துண்டு பிரெட், கொஞ்சம் பேரீச்சம்பழம். வாழைப்பழத்தைப் பையில் அப்படியே வைத்தால் ராத்திரிக்குள் கூழாகி பிப் வரைக்கும் ஒட்டிக்கொள்ளும், எவர்சில்வர் டிபன் டப்பாவில் வையுங்கள். கடலை உருண்டை நல்லதுதான், ஆனால் ஓட்டத்துக்கு முன்னால் அல்ல, அதிலுள்ள எண்ணெய்ச் சத்து செரிக்க நேரம் பிடிக்கும். ஓடி முடித்த பிறகு இரண்டு உருண்டை, அதற்கு ஈடு கிடையாது.

முந்தின ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு விதத் தப்பு உண்டு. ஒன்று, வெளியூர் வந்திருக்கிறோம் என்று பிரியாணிக் கடையைத் தேடிப் போவது. இன்னொன்று, வீட்டுச் சாப்பாடுதான் நல்லது என்று ராகிக் களியைத் தூக்குவாளியில் கொண்டு வருவது. களியில் வளர்ந்த உடம்புதான் நமக்கு, ஆனால் நார்ச்சத்து அதிகம், மறுநாள் காலை ஏழாவது கிலோமீட்டரில் கழிவறை தேட வைக்கும். தயிர் சோறோ இட்லியோ போதும். கழிவறை என்றதும் ஞாபகம் வருகிறது, புறப்படும் இடத்தில் வைத்திருக்கிற தற்காலிகக் கழிவறைகளில் நாலரை மணிக்கெல்லாம் தண்ணீர் தீர்ந்துவிடும். அரை லிட்டர் பாட்டில் ஒன்று, டிஷ்யூ கொஞ்சம், இரண்டும் கையோடு இருக்கட்டும்.

லாட்ஜ் அறையில் மூன்று பேர், பிளக் ஒன்று. மூன்று போன், மூன்று வாட்ச். வாட்ச் சார்ஜர் போன் சார்ஜர் மாதிரி கிடையாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கிளிப், மறந்தால் இரவல் கிடைப்பது கஷ்டம். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போனால் அறையில் உங்களுக்குத் தனி மரியாதை. பிப்பை ராத்திரியே பனியனில் குத்திவிடுங்கள், நான்கு மூலைக்கும் நான்கு ஊக்கு, நெஞ்சுப் பக்கம். நேரம் கணக்கிடுகிற சிப் பெரும்பாலும் பிப்பின் பின்னாலேயே ஒட்டியிருக்கும், அதனால் மடிக்கவோ கசக்கவோ கூடாது. பின்பக்கத்தில் ரத்த வகை, வீட்டு போன் நம்பர் எழுத இடம் விட்டிருப்பார்கள். அதை நிரப்புகிறவர்கள் ரொம்பக் குறைவு. நிரப்புங்கள்.

சாவியை எங்கே வைப்பது

ஓடுகிற இடத்தில் பையை வாங்கி வைத்துக்கொள்ள கவுன்டர் இருக்கும், பிப்பிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துப் பையில் கட்டுவார்கள். அங்கே பணம், லேப்டாப், நகை எதுவும் கொடுக்காதீர்கள், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அதில் இருக்க வேண்டியது மூன்றே பொருள்: ஒரு செருப்பு, ஒரு துண்டு, ஒரு மாற்றுத் துணி. செருப்பைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். 21 கிலோமீட்டர் ஓடின கால் வீங்கியிருக்கும், அந்த ஷூவையே போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்வது தண்டனை.

காரில் வந்தால் சாவி ஒரு தனித் தொல்லை. வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஆபீஸ் மேசைச் சாவி எல்லாம் கோத்த கொத்தோடு ஓட முடியாது. கார் சாவியை மட்டும் கழற்றி ஊரிலேயே தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் உலோகச் சாவி என்றால் ஷூ கயிற்றில் கோத்து இறுக்கிக் கட்டி நுனியை உள்ளே செருகிவிடலாம். பட்டன் சாவி என்றால் வியர்வை பட்டால் கெட்டுப்போகும், ஜிப் வைத்த சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டிராயர் பாக்கெட்டில். அதே உறையில் ஒரு இருநூறு ரூபாய் நோட்டு. போன் கையில் இல்லாதபோது ஜிபே கிடையாது, முப்பதாவது கிலோமீட்டரில் கால் பிடித்துக்கொண்டால் ஆட்டோக்காரருக்குக் கொடுக்க அந்த நோட்டுதான்.

திரும்பி வரும்போது

போகும்போது அடுக்குவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். வரும்போதுதான் பொருள் கெடுகிறது. ஈரத் துணியையும் ஷூவையும் ஒரே கவரில் முடிச்சுப் போட்டு கார் டிக்கியில் போட்டு, ஊர் வந்து, அசதியில் தூங்கி, புதன்கிழமை ஞாபகம் வந்து திறந்தால் அந்த நாற்றம் துவைத்தாலும் போகாது. மூடின காரின் சூட்டில் ஷூவின் அடிப்பஞ்சும் பசையும்கூட வீணாகும். கிளம்பும்போதே பையின் அடியில் பழைய தினசரி இரண்டு போட்டு வையுங்கள். ஓடி முடித்ததும் இன்சோலை உருவிவிட்டு, தாளைக் கசக்கி ஷூவுக்குள் திணித்தால் ஊர் வருவதற்குள் பாதி ஈரம் போய்விடும். வீட்டில் நிழலில் காய வைக்க வேண்டும், நேர் வெயிலில் அல்ல. இன்சோலை இப்போதெல்லாம் ஷூவுக்குப் பக்கத்திலேயே, ஷூ கயிற்றால் கட்டித்தான் காயப் போடுகிறேன்.

அன்றைக்கு ராத்திரியே மஞ்சப்பையைக் காலி பண்ணி, ஊக்கை எண்ணி, தீர்ந்த வாசலினை நிரப்பி, மறுபடி அலமாரியில் மாட்டிவிட வேண்டும். “ஏங்க, இப்பதானே வந்தீங்க, மறுபடியும் கட்டறீங்களா?” என்று வீட்டில் கேட்பார்கள், பரவாயில்லை. ஒரு வருடம் பிப்ரவரியில் ஓடிவிட்டு வந்து பெரிய பையை அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளினவன், மே மாதம்தான் திறந்தேன். டிபன் டப்பாவுக்குள் ஒரு வாழைப்பழம் இருந்திருக்கிறது. மனைவி டப்பாவைத் திறக்காமலேயே, குலுக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே குப்பை வண்டியில் போட்டுவிட்டார். அவருடைய அம்மா கொடுத்த டப்பா அது, பேர் வெட்டியிருந்தது.